சான்ஸ் கம்மி

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வளவனின் ஜெராக்ஸ் கடைக்கு வருபவர்கள், தங்கள் ஆதார் அட்டையைத் தாங்களே மெஷினில் வைத்து, தாங்களே பட்டனை அமுக்கி, தாங்களே எடுத்துக்கொண்டு போவது காந்தி பஜாரில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். மூன்று மணிக்கு மேல் கடைக்காரன் மேகம் பார்ப்பான். ஏப்ரலும் மேயும் இப்படித்தான். மற்ற பத்து மாதமும் அவனுக்கு நல்ல பையன் என்றுதான் பெயர்.

இந்த வியாதி அவனுக்கு மட்டும் வந்ததில்லை. வாட்ஸ்அப்பில் 'செஞ்சி இடி மின்னல் குழு' என்று ஒன்று இருக்கிறது. நாற்பத்து மூன்று பேர். அதில் முப்பத்தெட்டுப் பேர் எதற்காகச் சேர்ந்தோம் என்பதையே மறந்தவர்கள். மீதி ஐந்து பேர் கோடை முழுக்க ரேடார் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மேற்கே போளூர் பக்கம் ஒரு பச்சைப் புள்ளி முளைக்கிறதா, அது மஞ்சளாகிறதா, மஞ்சள் சிவக்கிறதா என்று பார்த்தபடி இருப்பார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் வரும். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டைக்கூட இவர்கள் இவ்வளவு பயத்தோடு பார்த்ததில்லை.

புள்ளி முளைக்கும். சிவக்கும். சேத்துப்பட்டு வரைக்கும் ஒழுங்காக வரும். அதற்கப்புறம் என்னவோ ஆகும். செஞ்சி எல்லையைத் தொட்டதும் மேகம் சரிபாதியாகப் பிரிந்து, ஒரு பாதி வடக்கே சீயமங்கலம் பக்கமும் மறு பாதி தெற்கே தளவானூர் பக்கமும் போய்விடும். பாகப்பிரிவினையில்கூட இவ்வளவு நியாயமாகப் பிரித்து யாரும் பார்த்ததில்லை. நடுவில் செஞ்சி வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் நாலே முக்காலுக்குத் தளவானூரிலிருந்து தனகோட்டி என்கிற உறுப்பினர், முற்றத்தில் தேங்கிய மழைத்தண்ணீரைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுவார். கீழே ஒரு வார்த்தை எழுத மாட்டார். ஆனாலும் அந்த மனுஷனை எல்லோரும் வெறுத்தார்கள்.

ராஜகிரி மலைதான் மேகத்தைப் பிளக்கிறது என்பது குழுவில் ஒரு கட்சி. எத்தனையோ படை வந்து பிடித்த கோட்டை, மேகத்தால் மட்டும் பிடிக்க முடியவில்லை. இன்னொரு கட்சி அட்மின் எழிலரசனுடையது. அவர் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். மூன்று கோடைக் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருந்தார். குழுவில் யாராவது "இன்னைக்கு வரும்" என்று சொன்ன நாள் முப்பத்தொன்று. அதில் இருபத்தொன்பது நாள் வரவில்லை. யாரும் எதுவும் சொல்லாமல் இருந்த நாளில்தான் பெரும்பாலும் பெய்திருக்கிறது. எண்களை வைத்துத்தான் பேசுகிறேன் என்று எழிலரசன் சொன்னபோது, மூட நம்பிக்கை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆகவே விதிகள் பிறந்தன. 'வரும்' என்று எவனும் சொல்லக் கூடாது. மழைமானி நனைகிற வரைக்கும் மேகத்தைப் போட்டோ எடுத்துப் போடக் கூடாது. யார் கேட்டாலும், கலெக்டரே கேட்டாலும், 'சான்ஸ் கம்மி' என்றுதான் சொல்ல வேண்டும். மேகம் எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் விதியைக் கடைப்பிடித்தும் மழை இல்லை. மே பாதி போய்விட்டது. வளவன் கடை மொட்டை மாடியில் வைத்திருந்த மழைமானியில் கோடை முழுக்கச் சேர்ந்தது ஒரு காக்கா எச்சமும் பக்கத்து வீட்டு வடாம் ஒன்றும்தான்.

அந்தத் திங்கட்கிழமை அவனுடைய நைனா கோவிந்தசாமி கடைக்கு வந்தார். கடை திறந்து ஆறு வருஷத்தில் அவர் படியேறியது அன்றைக்குத்தான். மகன் பார்க்கிற வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "ஜெராக்ஸ் போடறான், மீதி நேரத்துல மேகம் மேய்க்கிறான்" என்று சொல்லுகிறவர். சிங்கவரத்தில் ஒன்றேகால் ஏக்கர் நிலக்கடலை, ஊர்ப்பேச்சில் மல்லாட்டை, போட்டிருந்தார். காய் முற்றிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இல்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மண்ணு இரும்பாட்டம் இருக்குதுடா. புடுங்கனா செடி மட்டும் கையோட வருது. மல்லாட்ட உள்ளயே நின்னுக்குது."

"ஆளு எப்ப வர்றாங்க நைனா?"

"வெள்ளிக்கெழம. ஆளு கூட்டற சின்னப்பொண்ணு புடுங்கறதுக்குப் பன்னெண்டு பேரக் கூட்டிகினு வரேன்னு சொல்லிக்கீறா. அதுக்குள்ள மண்ணு நனையணும். ஒரு மழ போதும்." கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உன் ரேடாரு இன்னா சொல்லுது?"

வளவனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. காலேஜில் எந்த குரூப் எடுப்பது, எந்தப் பெண்ணைப் பார்ப்பது, வண்டிக்கு எந்த டயர் போடுவது என்று எதிலும் அவனை ஒரு வார்த்தை கேட்காத மனுஷன் கேட்கிறார்.

மழை வராவிட்டால் வேறு வழி இல்லை என்பதில்லை. ஒரே ஒரு வழி இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் பாவாடையின் கொல்லையில் போர்வெல் இருக்கிறது, மாட்டுத் தொடை பருமனுக்குத் தண்ணீர் கொட்டும். ஆனால் கோவிந்தசாமியும் பாவாடையும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. வரப்பு தகராறு. ஒருவர் தன் பக்கம் ஒரு மண்வெட்டி வெட்டினால், மற்றவர் தன் பக்கம் ஒன்று வெட்டுவார். பதினோரு வருஷம் இப்படியே வெட்டி வெட்டி, நாய்கூட இப்போது அந்த வரப்பின் மேல் நடக்க யோசிக்கிறது. பாவாடையிடம் போய்த் தண்ணீர் கேட்பதைவிட மல்லாட்டை மண்ணிலேயே கிடக்கட்டும் என்று கோவிந்தசாமி வீட்டில் சொல்லியிருந்தார். சொன்னாரே தவிர, வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை அது. மண்ணிலேயே கிடக்க விட்டுவிட முடியாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"வியாழனுக்குள்ள பாத்துக்கலாம் நைனா," என்றான் வளவன். விதியை மீறாமல் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"அப்ப பாவாட கிட்ட போவ வாணாம்?"

"வாணாம்."

கோவிந்தசாமி தலையை ஆட்டிவிட்டு, ரேஷன் கார்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். அது தேவையே இல்லை. கடைக்கு வந்ததற்கு மரியாதையாக எடுத்தார்.

திங்கள் சாயங்காலம் மேகம் சேத்துப்பட்டில் பிரிந்தது. செவ்வாய்க்கிழமை பிரிவதற்குக்கூட மேகம் வரவில்லை. புதன்கிழமை வந்தது, இடித்தது, பஜாரில் ஜவுளிக்கடை வாசலில் நின்ற பொம்மைக்கெல்லாம் பிளாஸ்டிக் கவர் போட வைத்தது, தளவானூருக்குப் போய்விட்டது. நாலே முக்காலுக்குத் தனகோட்டியின் போட்டோ. இந்தத் தடவை தண்ணீரில் ஒரு காகிதக் கப்பல் மிதந்தது. வீட்டுக்குப் போனால் நைனா ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு தடவை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

வியாழக்கிழமை இரண்டரை மணிக்குப் போளூர் பக்கம் புள்ளி முளைத்தது. இரண்டே முக்காலுக்குச் சிவப்பு. மூன்று மணிக்குச் சிவப்புக்கு நடுவில் ஊதா. ரேடாரில் ஊதாவை இந்த வருஷம் அவன் பார்க்கவே இல்லை. கீழ்க்காற்று வேறு கடல் பக்கமிருந்து ஈரமாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் செஞ்சி தலைக்கு மேல்தான் சந்திக்க வேண்டும். வேறு வழியே இல்லை. 

குழு உச்சகட்ட விரக்திக்குப் போனது.

"இன்னைக்கும் வெயில்தான் போல," என்று எழுதினாள் டெய்லர் ஜெயசுதா. ஊதா நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நான் மாடில துணி காயப் போட்ருக்கேன்," என்றார் இன்னொருவர்.

"சோளத்தட்டைக்குத் தீ வைக்கலாம்னு இருக்கேன். அவ்ளோ காஞ்சி கெடக்கு," என்றார் மற்றொருவர். அவரிடம் சோளத்தட்டையே கிடையாது.

"குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்," என்று எழிலரசன் எழுதினார். எழிலரசன் இப்படி எழுதினால் அவருக்கு மழை நிச்சயமாகிவிட்டது என்று அர்த்தம்.

மூன்று இருபதுக்கு நைனா போன் பண்ணினார். பின்னால் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. கொல்லையில்தான் நிற்கிறார்.

"வளவா. நாளைக்கி ஆளு வந்துடும். இன்னிக்கி வருமா வராதா? தெளிவா சொல்லு."

ஊதா சேத்துப்பட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் நாற்பது நிமிஷம். வளவனுக்குத் தெரியும். வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்ததில்லை. வாயைத் திறந்தான். முப்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது ஞாபகம் வந்தது.

"சான்ஸ் கம்மி நைனா."

அந்தப் பக்கம் ஆடு மட்டும் கத்தியது.

"ரொம்ப கம்மியா?"

"ரொம்ப."

"சரி," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

வளவனுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது. பெற்ற அப்பனிடமே விதியைக் காப்பாற்றிவிட்டான். மழை வந்து நனைகிறபோது நைனாவுக்கு அது எவ்வளவு பெரிய ஆச்சரியமாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். அதற்கு மேல் அவன் நினைக்கவில்லை. போனில் அடுத்த படம் வந்துவிட்டது.

நாலு மணிக்கு ராஜகிரி மலையைக் காணவில்லை. காற்று வந்தது. கல்யாண மண்டபத்து வாசலில் கட்டியிருந்த மணமக்கள் பேனர் அறுந்து, இரண்டு பேரும் சிரித்தபடியே திண்டிவனம் ரோட்டுப் பக்கம் பறந்து போனார்கள். அப்புறம் தகரக் கூரையில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, பிறகு எண்ண முடியவில்லை. கரண்ட் போனது. வளவன் மாடிக்கு ஓடி, மழைமானி பக்கத்தில் நின்று முழுசாக நனைந்தான். எழிலரசன் வீட்டிலிருந்து போன் பண்ணி, பேசாமல் ஒரு நிமிஷம் மழைச் சத்தத்தை மட்டும் காட்டிவிட்டு வைத்தார். ஒரு மணி நேரம் கொட்டியது. மேகம் பிரியவில்லை.

கடையைப் பூட்டி வண்டியை எடுத்தான். ரெயின்கோட் சீட்டுக்கடியில் இருந்தது, போட்டுக்கொள்ளவில்லை. சிங்கவரம் வரைக்கும் தூறலில் வாயைத் திறந்துகொண்டு போனான். நேராகக் கொல்லைக்கு விட்டான்.

கொல்லையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஒரு மணி நேர மழைக்கு இது அதிகம் என்று அவனுக்குத் தோன்றியது. நைனாவைக் காணவில்லை. தேடினால், வரப்புக்கு அந்தப் பக்கம், பாவாடையின் மோட்டார் கொட்டகைக்குள் இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். ஒருவர் பாவாடை. இன்னொருவர் தலையில் துண்டு போட்டிருந்தார்.

"வாங்க தம்பி, டெலிபோன்ல மழ பாக்கறவரே," என்றார் பாவாடை. பதினோரு வருஷம் கழித்துப் பேசுகிற ஆளுக்குக் குரல் மிகவும் தெம்பாக இருந்தது. "சரியா சொன்ன போ. வராதுன்ன. இதுக்குப் பேரு இன்னா, பனியா?"

வளவன் நைனாவைப் பார்த்தான். நைனா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான சான்ஸ் கம்மின்ன," என்றார். "அதான் வந்து கேட்டன்."

"எப்ப?"

"மூன்ற இருக்கும்."

"நான் காது கேக்காத மாதிரி இருந்துட்டன்," என்றார் பாவாடை. "இன்னாண்ணே, இன்னா கேட்டன்னு திரும்பக் கேட்டன். ரெண்டாவது வாட்டியும் கேட்டாரு பாவம். தண்ணி வுடு பாவாடன்னாரு. பதினோரு வருசம் காத்துங்கீறன், ரெண்டு வாட்டியாவது கேக்க வாணாமா? மோட்டரப் போட்டன். மட திருப்பிட்டு நிமுந்து பாத்தா மேக்க கருகும்முனு நிக்குது. இருவது நிமிசம்தான். இருவது நிமிசம் உங்க நைனா வீட்ல படுத்துங்கெடந்தாருன்னா என் மூஞ்சயே பாத்திருக்க வாணாம்."

அவர் சிரித்தார். கோபமாகச் சிரிக்கவில்லை, சந்தோஷமாகத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பு நாளைக் காலை டீக்கடையில் எப்படி இருக்கும் என்று வளவனுக்குத் தெரிந்தது. ரெண்டு வாட்டி கேட்டார் என்பது அதற்குள் நாலு வாட்டி ஆகியிருக்கும்.

கோவிந்தசாமி சின்னப்பொண்ணுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரே தேவைப்படாத குரல் அந்தம்மாவுக்கு.

"போர்த்தண்ணியும் மழத்தண்ணியும் ஒண்ணா வுட்டியா? நெல்லு நடப் போறியா இன்னா? முட்டி வரைக்கும் எறங்கும், எவ வருவா? திங்கக்கெழமதான். அதுக்கு நடுப்புல இன்னொரு மழ வந்துச்சின்னா, மண்ணுக்குள்ளயே அம்புட்டு மல்லாட்டயும் மொளச்சிக்கும், சொல்லிட்டன்."

நைனா திட்டவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, "எனக்கே தோணுச்சிடா, காத்து மாறுதேன்னு," என்று மட்டும் சொன்னார். "ஆனா நீ ரொம்பன்னு சொன்ன." அப்புறம் வீடு வரைக்கும் மகன் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தார். களைப்பு. ஆறு வருஷமாக நம்பாதவர் நாலு நாள் நம்பிப் பார்த்த களைப்பு.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வளவன் மழைமானியைப் பார்த்தான். அறுபத்தொரு மில்லிமீட்டர். மூன்று வருஷக் கோடையில் இதுதான் அதிகம். குழுவில் எண்ணை மட்டும் போட்டான். எழிலரசன் பெருமாள் கோயில் கோபுரம் போல வரிசையாகக் கைகூப்பும் படங்கள் போட்டார். "விதி வென்றது," என்று எழுதினார். "நேற்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. குறிப்பாக வளவன் சாருக்கு நன்றி. நெருங்கிய உறவினர் கேட்டபோதும் உறுதியாக இருந்ததாக டீக்கடையில் கேள்விப்பட்டேன்." ஜெயசுதா கைதட்டினாள். எதற்குச் சேர்ந்தோம் என்று மறந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர் முதல் தடவையாகக் கட்டைவிரலைக் காட்டினார். வளவனுக்குப் போனைத் தூக்கி ஜெராக்ஸ் மெஷினுக்குள் போட்டு மூட வேண்டும் போல் இருந்தது.

அன்றைக்கு நல்ல வெயில். சனிக்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலுக்குப் போளூர் பக்கம் மறுபடியும் பச்சை.

மூன்று மணிக்கு நைனா கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். பச்சை மஞ்சளாகிவிட்டிருந்தது.

"இன்னிக்கி இன்னா?" என்றார்.

வளவன் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டான். ஆதார் அட்டையோடு நின்ற ஒரு பெண்ணை அப்புறம் வரச் சொன்னான்.

"நைனா, எங்க குரூப்புல ஒரு வழக்கம் இருக்குது."

எல்லாவற்றையும் சொன்னான். நோட்டு, முப்பத்தொன்று, இருபத்தொன்பது, கலெக்டரே கேட்டாலும் என்பது வரைக்கும். சொல்லச் சொல்ல அது ஒரு பைத்தியக்காரத்தனமாக அவன் காதிலேயே விழுந்தது. குழுவுக்குள் இருக்கும்போது அது கணக்காகத்தான் தெரிந்தது. 

"அப்ப அன்னிக்கி வரும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் நைனா."

"தெரிஞ்சிதான் ரொம்ப கம்மின்ன."

"ஆமா."

 திட்டினால் தேவலை என்று இருந்தது வளவனுக்கு. கோவிந்தசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மடித்தார், தோளில் போட்டார். போனை எட்டிப் பார்த்தார். மஞ்சள் நடுவில் சிவப்பு ஒன்று கண் திறந்திருந்தது.

"வரும்னு சொன்னா வராதா?"

"முப்பத்தொண்ணுல இருவத்தொம்போது வாட்டி வரல."

"அப்ப சொல்லு."

"நைனா?"

"வரும்னு சொல்றா. மல்லாட்ட மொளச்சிக்கப் போவுது. சொல்லு."

"வரும்," என்றான் வளவன்.

"பிச்ச கேக்கற மாதிரி சொல்ற. நல்லா சத்தமா சொல்லு."

"இன்னைக்கி மழ கண்டிப்பா வரும் நைனா!"

வெளியே நின்ற ஆதார் பெண் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குடையை எடுத்து வரக் கிளம்பினாள்.

"அந்த குரூப்புலயும் போடு," என்றார் கோவிந்தசாமி.

வளவன் ஷட்டருக்கு வெளியே போய், மேற்கே எழும்பிக்கொண்டிருந்த மேகத்தை நல்ல வெளிச்சத்தில், மலையும் கோட்டையும் தெரியும்படி, ஒரு போட்டோ எடுத்தான். அழகான மேகம். தலை பூக்கோசு போல விரிந்திருந்தது. விதி வந்த பிறகு அவன் எடுத்த முதல் மேகப் படம் அது.  குழுவில் போட்டான். கீழே எழுதினான்: "இன்று செஞ்சிக்கு இடியுடன் பலத்த மழை. நூறு சதவீதம்."

குழு நாற்பது விநாடி மூச்சு விடவில்லை.

"ஐயோ," என்று எழுதினாள் ஜெயசுதா. "அண்ணா டெலீட் பண்ணுங்க. டெலீட் ஃபார் எவ்ரிஒன் குடுங்க. சீக்கிரம்."

எழிலரசன் எழுதவில்லை. நேராகப் போன் பண்ணினார். "யோவ் வளவா, இன்னாய்யா பண்ணிட்ட? போன்ல யாரு, சின்னப் பசங்க யாருன்னா எடுத்துட்டாங்களா? சொல்லுய்யா, பசங்கதான?"

"இல்ல சார். நான்தான் போட்டேன். வரும் சார். கண்டிப்பா வரும்."

அந்தப் பக்கம் ஒரு கணக்கு வாத்தியார் உடைந்து போகிற சத்தம் கேட்டது. மூன்று இருபத்தேழுக்கு, 'எழிலரசன் உங்களை நீக்கியுள்ளார்' என்று வந்தது.

அப்பனும் மகனும் மாடியேறினார்கள். காலி மழைமானிக்குப் பக்கத்தில் நின்று மேற்கே பார்த்தார்கள். மேகம் சேத்துப்பட்டுப் பக்கம் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு தடவை இடித்தது. அப்புறம் நடுவில் வெளிச்சம் விழுந்தது, முதலில் ஒரு கோடு, பிறகு ஒரு சந்து, பிறகு ஒரு தெரு. ஒரு பாதி வடக்கே நகர்ந்தது. ஒரு பாதி தெற்கே நகர்ந்தது. ராஜகிரி மேல் வெயில் பளீரென்று அடித்தது.

கோவிந்தசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாளைக்கும் சொல்லணும்டா," என்றார். "திங்கக்கெழம காத்தால வரைக்கும்."

"குரூப்ப வுட்டுத் தூக்கிட்டாங்க நைனா."

"அதனால இன்னா? வானத்துக்கு வாட்சப்பா இருக்குது? இங்கயே நின்னு சொல்லு." படியிறங்கத் திரும்பியவர் நின்றார். "பாவாட காதுல வுழற மாதிரி சொல்லிடாத. மழ வராது, திரும்பத் தண்ணி கேக்க வருவன்னு போர் மோட்டர அவுத்துகினு ஓடிடப் போறான்."

அவர் இறங்கிப் போனார். வளவன் மாடியிலேயே உட்கார்ந்துகொண்டான். உடம்பு வலித்தது, ஒரு வேலையும் செய்யாமலேயே. நாலே முக்கால் ஆனதும் பழக்கத்தில் போனை எடுத்துப் பார்த்தான். தளவானூரில் இந்நேரம் பெய்து முடித்திருக்கும். தனகோட்டி முற்றத்தைப் போட்டோ எடுத்திருப்பார். அது இனி இவனுக்கு வராது.

தெற்கே லேசாக இடித்தது. மண்வாசனை வருகிறதா என்று ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. எழுந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, யாரும் இல்லாத மேற்கு வானத்தைப் பார்த்து, "நாளைக்கி வரும்," என்று சொல்லிவைத்தான். உள்ளுக்குள் அவனுக்கு வேண்டியதென்னவோ மழைதான்.